அங்கவடியும் தொலைபேசியும்

மனித சரீரத்தின் அவயவங்களுள் கண்ணைப் பற்றிய சாஸ்திரம் முந்திக்கொண்டதற்கும், காதைப் பற்றிய சாஸ்திரம் பல நூற்றாண்டுகள் பிந்தி நின்றதற்கும் காரணம் தேடி வெகுதூரம் அலைய வேண்டியதில்லை. கண் முகத்தின் முற்றத்தில் திறந்து கிடக்கிறது. கசாப்புக்கடையில் வாங்கிய மாட்டுக் கண் ஒன்றும் கூரிய கத்தி ஒன்றும் இருந்தால் அதன் உள்ளமைப்பைப் பகல் வெளிச்சத்திலேயே பார்த்துவிடலாம். காதின் சமாசாரம் வேறு. கடுக்கனும் தோடும் மாட்டிக்கொள்ள உபயோகப்படுகிற மடலைத்தான் நாம் காது என்கிறோமே யொழிய, கேட்கிற காரியம் நடக்கிற இடம் அதற்கு வெகு உள்ளே, மண்டையோட்டிலேயே மிகக் கடினமான எலும்புக்குள், ஒரு பட்டாணியளவு குடைவில் ஒளிந்திருக்கிறது. பழைய உடற்கூற்று ஆசிரியர்கள் அந்த எலும்புக்குப் பாறை என்று பொருள்படும் லத்தீன் பெயரைச் சூட்டினார்கள் என்பதிலிருந்தே, அவர்களுடைய உளிகள் எத்தனை முறை மழுங்கியிருக்கும் என்பதை ஊகித்துக்கொள்ளலாம். ஆகவே செவியின் வரலாறு பெரும்பகுதி ஒரு கைத்தொழிலின் வரலாறு. கல்தச்சனுடைய பொறுமையும் தட்டானுடைய விரல் நுட்பமும் ஒருங்கே வாய்த்த சிலர், ரம்பத்தையும் அரத்தையும் எடுத்துக்கொண்டு, சுமார் நானூறு வருஷங்களாக அந்தப் பாறையைக் குடைந்து உள்ளே சென்ற கதை. அவ்வாறு உள்ளே சென்றவர்களில் பலர் தம் காலத்துக் கருவி ஒன்றையே அங்கே கண்டார்கள் என்பது இக்கதையின் வேடிக்கை.

குடைவதற்கு முன்னால் ஊகம் இருந்தது. ஆடுகள் காதால் சுவாசிக்கின்றன என்று அல்க்மேயன் என்பவர் சொன்னதாகவும், அது பிழை என்றும் அரிஸ்டாட்டில் தமது பிராணி சாஸ்திரத்தில் குறித்துவைத்திருக்கிறார். அரிஸ்டாட்டிலின் வழிவந்த சித்தாந்தமோ, காதினுள் பிறவியிலேயே அடைபட்ட, சலனமற்ற காற்று ஒன்று உண்டென்றும், வெளிக்காற்றின் அசைவு அதைத் தொடுகிறபோது கேள்வி பிறக்கிறதென்றும் கூறியது. ஐரோப்பா இதைப் பதினெட்டாம் நூற்றாண்டு வரையில் நம்பியது. நம் நாட்டு நையாயிகர்கள் இதற்கு வெகு தூரத்தில் இல்லை. காதின் குழிவினால் வரையறுக்கப்பட்ட ஆகாசமே சுரோத்திரேந்திரியம் என்பது அவர்கள் முடிபு. சப்தம் பரவுவது குளத்தில் அலைக்குப் பின் அலை எழுவதைப் போலவா, கடம்பமொட்டு எல்லாத் திசைகளிலும் ஏககாலத்தில் அவிழ்வதைப் போலவா என்று அவர்கள் நடத்திய வாதத்தைப் படிக்கிறபோது, எலும்பை உடைத்துப் பார்க்காமலே மனிதன் எவ்வளவு தூரம் போய்விடுகிறான் என்ற வியப்பு உண்டாகிறது. எந்த இடத்தில் அவன் நின்றுவிடுகிறான் என்பதும் கூடவே தெரிகிறது.

உடைத்துப் பார்க்கிற தொழில் முறையாகத் தழைத்தது பதினாறாம் நூற்றாண்டின் இத்தாலியில். பதுவா நகரத்துச் சர்வகலாசாலையில் கற்பித்த வெஸாலியஸ், 1543ல் வெளியிட்ட தமது மகா கிரந்தத்தில் செவிப்பறைக்குப் பின்னாலுள்ள இரண்டு சிறு எலும்புகளை வருணித்து, ஒன்றைச் சுத்திக்கும் மற்றொன்றைக் கொல்லனுடைய பட்டடைக்கும் ஒப்பிட்டார். இரண்டாவது எலும்பை அவர் கடைவாய்ப் பல்லுக்கும் ஒப்பிட்டதுண்டு. என் கண்ணுக்கு அது பல்லைப் போலத்தான் தெரிகிறது. ஆனால் சுத்தியைச் சொன்ன வாய் பட்டடையைச் சொல்லாமல் விடுமா? உலைக்களத்தின் ஓசையே காதுக்குள் புகுந்துகொண்டது. மூன்றாவது எலும்பு வெஸாலியஸின் கண்ணுக்குத் தப்பிவிட்டது. மூன்று மில்லிமீட்டருக்குச் சற்றே அதிகமான உயரமும் அரிசி மணியைக் காட்டிலும் குறைந்த எடையும் உடைய அதை, 1546 வாக்கில் நேப்பிள்ஸில் ஒரு மண்டையோட்டைப் பிரித்து மாணாக்கர்களுக்குக் காட்டிக்கொண்டிருந்தபோது இங்க்ராஸியா என்ற ஆசிரியர் கண்டெடுத்தார். குதிரைச் சேணத்தில் கால் வைக்கும் வளையம்போல நடுவே துவாரம் விட்டிருந்ததால் அதற்கு அங்கவடி என்று பெயர் வந்தது. பண்டை ரோமர்கள் அங்கவடியில்லாமலே குதிரை ஏறியவர்கள். அந்தப் பொருளுக்குப் பழைய லத்தீனில் சொல்லும் கிடையாது. ஆகவே பிற்காலத்தார் உண்டாக்கிய சொல்லொன்றை இந்த எலும்பு சுமக்கிறது. யார் முதலில் கண்டது என்பதைப் பற்றி நாலைந்து பேர் சண்டையிட்டுக்கொண்டார்கள். அவர்களுள் ஃபலோப்பியோ என்ற பெரியவர் மாத்திரம், தாமும் அதைத் தனித்தே கண்டிருந்தும், புகழ் இங்க்ராஸியாவுக்கே உரியது என்று 1561ல் அச்சிட்டுச் சொல்லி விலகிக்கொண்டார். நத்தைக்கூடு என்றும் புதிர்ப்பாதை என்றும் உட்செவிக்கு இன்று வழங்கும் பெயர்களும் அவரிடமிருந்தே வந்தவை.

ரோமாபுரியில் இருந்த யூஸ்தாக்கி அதே காலத்தவர். தொண்டையிலிருந்து நடுச்செவிக்குச் செல்லும் குழலை அவர் விவரித்ததனால் அது இன்றும் அவர் பெயரையே தாங்கி நிற்கிறது. கொடைக்கானலிலிருந்து பஸ்ஸில் மலையிறங்குகிறபோது, வத்தலக்குண்டு நெருங்குவதற்குள் காது அடைத்துப்போய், பக்கத்தில் இருப்பவர் பேசுவது கிணற்றுக்குள்ளிருந்து வருவதுபோல் ஆகி, ஒரு வாய் எச்சில் விழுங்கியதும் ‘டப்’பென்று திறந்துகொள்கிறதே, அந்தக் கதவுதான் அது. மேலே இருந்த மெல்லிய காற்று உள்ளே அடைபட்டுக் கிடக்க, கீழேயுள்ள கனத்த காற்று வெளியிலிருந்து பறையை அழுத்துகிறது. விழுங்குகிறபோது குழல் ஒரு கணம் திறந்து, இரண்டு பக்கத்தையும் சமன் செய்கிறது. யூஸ்தாக்கி 1552ல் செதுக்குவித்த செப்புத் தகடுகளில் பெரும்பாலானவை அவர் காலத்தில் அச்சேறாமல் மறைந்து கிடந்து, 1714ல் தான் வெளிவந்தன. அவை உரிய காலத்தில் வந்திருந்தால் உடற்கூற்றின் சரித்திரம் நூறு வருஷம் முன்னேறியிருக்கும் என்பாருண்டு. அது எனக்குச் சற்று மிகையாகவே படுகிறது.

பதினேழாம் நூற்றாண்டில் பாரிஸில் டுவெர்னே என்பவர் 1683ல் காதைப் பற்றிய நூலொன்றை வெளியிட்டார். நத்தைக்கூட்டின் வெவ்வேறு பாகங்கள் வெவ்வேறு ஸ்வரங்களுக்கு அசைகின்றன என்ற மகத்தான ஊகம் அவருடையது. ஆனால் கனத்த ஒலி அடிப்பகுதியிலும் கீச்சென்ற ஒலி உச்சியிலும் கேட்கிறது என்று தலைகீழாக எழுதிவிட்டார். காரணம், நத்தைக்கூட்டின் எலும்புத் தட்டு அடியில் அகன்றும் உச்சியில் குறுகியும் இருக்கிறது. அதன் விளிம்பில் ஒட்டி நிற்கும் சவ்வோ அடியில் குறுகி உச்சியில் அகன்றிருக்கிறது. எலும்பைப் பார்த்தவர் ஏமாந்தார். சவ்வை அளப்பதற்கு இன்னும் நூற்றெண்பது வருஷங்கள் ஆயின. போலோஞாவில் வால்ஸால்வா பதினாறு வருஷங்கள் உழைத்து, ஆயிரத்துக்கு மேற்பட்ட தலைகளை அறுத்துப் பார்த்து, 1704ல் தமது நூலை வெளியிட்டார். புறச்செவி, நடுச்செவி, உட்செவி என்று பள்ளிப் பிள்ளைகள் மனப்பாடம் செய்யும் பாகுபாடு அவர் வகுத்ததே.

அடைபட்ட காற்று என்ற அரிஸ்டாட்டிலின் பேய் ஓட்டப்பட்டது நேப்பிள்ஸில். ஏழைக் குடும்பத்தில் பிறந்த தொமேனிகோ கோத்துஞ்ஞோ, இருபத்தைந்து வயதுக்குள்ளாகவே, மரணமடைந்து அதிக நேரமாகாத உடல்களில் உட்செவியைத் திறந்து பார்த்து, அங்கே காற்று என்பது துளியும் இல்லையென்றும், அந்தப் புதிர்ப்பாதை முழுவதும் நீரால் நிறைந்திருக்கிறதென்றும் 1761ல் வெளியிட்டார். முன்னோர்கள் கண்ட வெற்றிடம், உலர்ந்த எலும்பை உடைத்ததனால் வந்த வெற்றிடம். நீர் வற்றியபின் போய்க் குளத்தைப் பார்த்தவன் கதை. அப்படியும் சந்தேகித்தவர்கள் இருந்தார்கள். மெக்கெல் என்ற ஜெர்மானியர் 1777ல் அவர்கள் வாயை அடைத்த விதம் மிக எளிமையானது: புதிதாக எடுத்த செவி எலும்புகளைக் குளிர்கால இரவில் வெளியே வைத்து உறையவிட்டுப் பின்னர் உடைத்தார். நத்தைக்கூட்டின் சுருள்வழி நெடுகிலும், காற்றுக்கு ஓர் ஊசிமுனையளவு இடமும் விடாமல், பனிக்கட்டி பளபளத்துக் கிடந்தது.

நீர் என்று தெரிந்தவுடன் முன்னாட்களில் கண்டெடுத்த மூன்று எலும்புகளுக்கும் அர்த்தம் ஏற்பட்டது. குளத்தில் மூழ்கியிருக்கிறவனைக் கரையிலிருந்து எவ்வளவு உரக்கக் கூப்பிட்டாலும் அவன் காதில் விழுவது சொற்பமே. காற்றில் வருகிற ஒலி நீரின் மேற்பரப்பில் பட்டு, ஆயிரத்தில் ஏறக்குறைய ஒரு பங்கு மாத்திரமே உள்ளே போக, மற்றதெல்லாம் திரும்பிவிடுகிறது. ஆகவே காற்றின் மெல்லிய அசைவை நீருக்குள் புகுத்த ஒரு தரகன் வேண்டும். அகன்ற செவிப்பறையில் சேர்ந்த விசையைச் சுத்தியும் பட்டடையும் வாங்கி, அதன் பரப்பில் பதினேழில் ஒரு பங்கே உள்ள சிறு ஜன்னலின்மீது அங்கவடியின் பாதத்தால் அழுத்துகின்றன. ஆணியின் கொண்டையில் விழுந்த அடி முனையில் வந்து குவிவதற்கு ஒப்பான காரியம் இது. எலும்புகளின் நெம்புகோல் லாபத்தையும் சேர்த்துக்கொண்டால் அழுத்தம் ஏறக்குறைய 22 மடங்கு ஆகிறது.

எலும்புத் தச்சர்களின் காலம் முடிந்து பூதக்கண்ணாடிக்காரர்களின் காலம் வந்தபோது, வுர்ட்ஸ்புர்க் நகரத்தில் கோலிக்கர் என்ற பேராசிரியருடைய ஆய்வகத்துக்கு அல்போன்ஸோ கோர்ட்டி என்ற இத்தாலியப் பிரபு குமாரர் வந்து சேர்ந்தார். ஒருவகைப் பூச்சியை அரைத்துச் செய்யும் சிவப்புச் சாயத்தைத் தோய்த்து, கண்ணுக்குத் தெரியாத திசுக்களைத் தெரியச் செய்து, மனிதர்களும் பிராணிகளுமாக ஏறக்குறைய இருநூறு நத்தைக்கூடுகளைப் பிரித்துப் பார்த்து, சவ்வின்மீது வரிசை வரிசையாக நிற்கும் நுண்ணிய தூண்களையும் உயிரணுக்களையும் 1851ல் விவரித்தார். அதன்பின் வெகு சீக்கிரத்தில் அவருடைய சாஸ்திர வாழ்வு நின்றுவிட்டது. தகப்பனாரின் பட்டமும் நிலமும் கைக்கு வந்தன. பின்னர் மூட்டுவாதம் வந்து கைகால்களை முடக்கிப்போட்டது. மயிரிழையைக் காட்டிலும் மெல்லியவற்றைப் பிரித்த விரல்களுக்கு இந்தக் கதி நேர்ந்ததை நினைக்கிறபோது மனம் சங்கடப்படாமல் இருப்பதில்லை. கோர்ட்டி உறுப்பு என்ற பெயரைக் கோலிக்கர் வழங்கினார். அங்கே ஒவ்வொரு செவியிலும் உள்வரிசையில் சுமார் 3,500 மயிரணுக்களும் வெளிவரிசைகளில் சுமார் 12,000 மயிரணுக்களும் உண்டு. கெட்டுப்போனால் மறுபடி முளைக்காத சொத்து.

அந்தத் தூண்களைக் கண்டவுடன் ஹெல்ம்ஹோல்ட்ஸுக்குப் பியானோ ஞாபகம் வந்தது. பட்டாள வைத்தியராகத் தொடங்கி, பௌதிகத்தின் பேராசானாக உயர்ந்த அவர், 1863ல் வெளியிட்ட ஸ்வர உணர்ச்சியைப் பற்றிய நூலில் ஒரு சோதனையைச் சொல்கிறார். பியானோவின் தந்திகளை அடக்கிவைக்கும் கட்டைகளைத் தூக்கிவிட்டு, அதன்மேல் குனிந்து ஒரு உயிரெழுத்தை நீட்டிப் பாடினால், பாடி நிறுத்திய பிறகு பியானோ அதே எழுத்தைத் திருப்பிச் சொல்லும். கலந்து வந்த ஒலியை அதனதன் தந்தி பிரித்து வாங்கிக்கொள்ளும். நம் வீடுகளில் வீணை வைத்திருப்பவர்களுக்கு இது புதிதல்ல. கூடத்தில் யாராவது ஓங்கிப் பாடினால் மூலையில் சாய்த்திருக்கும் வீணை தானாக முனகுவதைக் கேட்டிருப்பார்கள். செவியும் அவ்விதமே ஆயிரக்கணக்கான தந்திகள் பூட்டிய வாத்தியம் என்றார் அவர். முதலில் கோர்ட்டியின் தூண்களையே தந்தி என்று கருதியவர், ஹென்ஸென் என்பவர் சவ்வின் அகலத்தை அளந்து, அது உச்சியை நோக்கி விரிந்துகொண்டே போகிறது என்று காட்டியபின், சவ்வின் இழைகளுக்குக் கட்சி மாறினார். டுவெர்னேயின் தலைகீழ்ப் பாடமும் அன்றைக்குத்தான் நிமிர்ந்தது.

திருச்சியில் பிறந்த சந்திரசேகர வேங்கட ராமன், தம்மை உருவாக்கிய மூன்று நூல்களுள் ஒன்றாகப் பிற்காலத்தில் குறிப்பிட்டது இந்த ஹெல்ம்ஹோல்ட்ஸின் நூலைத்தான். தோல் வாத்தியத்தின் மேல்ஸ்வரங்கள் ஒன்றோடொன்று இசையமாட்டா என்பது மேனாட்டார் கணக்கு. அந்தக் கணக்குக்கு அடங்காமல் மிருதங்கம் இனிக்கிற ரகசியம் வலந்தலையில் அப்புகிற கரணையின் பாரத்தில் இருக்கிறதென்று கல்கத்தாவிலிருந்து 1920ல் அவர் எழுதினார். எந்தச் சாஸ்திர விளக்கமும் இல்லாமல், காதை ஒன்றையே அளவுகோலாகக் கொண்டு, பூசித் தேய்த்து மறுபடி பூசிய மிருதங்கத் தொழிலாளிகளின் கேள்வி ஞானத்தை ஹெல்ம்ஹோல்ட்ஸ் பார்த்திருந்தால் தமது நூலில் ஓர் அத்தியாயம் கூட்டியிருப்பார் என்பது என் சொந்த நம்பிக்கை.

இனி இந்தக் கதை ஒரு விசித்திரமான திருப்பத்தை அடைகிறது. காதை விளக்கக் கருவி உதவிய காலம் போய், கருவியை உண்டாக்கக் காதே உதவ நேர்ந்தது. செவிடர்களுக்குப் பேச்சுக் கற்பித்துவந்தவரும், காது மந்தமான தாயாரின் பிள்ளையுமான அலெக்ஸாண்டர் கிரஹாம் பெல், 1874ஆம் வருஷத்துக் கோடையில், பாஸ்டன் நகரத்துக் காது வைத்தியர் கிளாரன்ஸ் பிளேக் வாங்கிக்கொடுத்த இறந்த மனிதனொருவனின் செவியை மரச்சட்டத்தில் பொருத்தி, அதன் எலும்பின்மேல் ஒரு வைக்கோல் துரும்பை ஒட்டி, பறை உலர்ந்துபோகாதபடி கிளிசரினும் நீரும் கலந்து தடவி, அதற்குள் பேசினார். துரும்பின் நுனி, புகைக்கரி படிந்த கண்ணாடியில் அவருடைய குரலை வரிவரியாக எழுதிற்று. காகிதம்போல் மெல்லிய ஒரு சவ்வு அதைவிட எத்தனையோ மடங்கு கனமான எலும்புகளை ஆட்டவல்லதாயின், சற்றுப் பெரிய சவ்வு ஓர் இரும்புத் துண்டை ஆட்டாதா என்ற கேள்வி அங்கே உதித்தது; 1876 மார்ச்சில் தொலைபேசி பேசியது. பத்து வருஷம் கழித்து, 1886ல், ரதர்ஃபோர்டு என்ற பிரிட்டிஷ் உடலியல் ஆசிரியர் எழுந்து, காது ஒரு தொலைபேசியைப் போன்றது, அதன் தகடு எல்லா ஒலிக்கும் முழுவதுமாகவே ஆடுகிறது, பிரித்தறிவது மூளையின் வேலை என்றார்! பிள்ளையைக் காட்டித் தகப்பனின் ஜாடையைச் சொல்லுகிற நியாயம் இது.

ஆயினும் தொலைபேசி செவிக்குப் பட்டிருந்த கடன் ஹங்கேரி தேசத்தில் தீர்ந்தது. முதல் உலக யுத்தம் முடிந்து நாடு குறுகி ஏழ்மைப்பட்டிருந்த சமயத்தில், நல்ல கருவிகளோடு விளங்கிய ஆய்வகங்களில் ஒன்று புடாபெஸ்ட் தபால் இலாகாவினுடைய தொலைபேசி ஆய்வகம். வாலிபராகிய ஜார்ஜ் ஃபான் பேகெஷி 1923ல் அங்கே உத்தியோகத்தில் அமர்ந்தார். ஊர்களுக்கிடையே பேசுகிற குரல் தெளிவாகக் கேட்க வேண்டுமானால் கம்பியைச் சீர்படுத்துவதா, ஒலிவாங்கியைச் சீர்படுத்துவதா, காதில் வைக்கும் குழலைச் சீர்படுத்துவதா என்பது இலாகாவின் கேள்வி. கடைசியில் எல்லாம் போய்ச் சேர்கிற காதின் தரம் தெரியாமல் மற்றவற்றின் தரத்தை எப்படி நிச்சயிப்பது என்று அவர் எண்ணினார். தட்டிவிட்டால் எவ்வளவு நேரம் ஆடி ஓய்கிறது என்று ஒப்பிட்டபோது, தொலைபேசித் தகடு வெகுநேரம் ரீங்கரித்துக்கொண்டிருக்க, மனிதச் செவிப்பறையோ அடித்தவுடன் அடங்கியது. தொழிற்சாலைத் தகடு தோற்றது.

அதன்பின் அவர் பாறைக்குள் நுழைந்தார். பிரேத சாலைகளிலிருந்து வந்த செவி எலும்புகளை நீருக்கடியில் வைத்து, தூள் கலங்கிப் பார்வையை மறைக்காமல் நீரோட்டத்தோடு போய்விடும்படி செய்து, நத்தைக்கூட்டின் சுவரைத் துளைத்தார். தபால் இலாகாப் பட்டறையின் துளைக்கருவியில் காலை வேளைகளில் எலும்புத் தூள் படிந்திருப்பதைக் கண்டு பணியாளர்கள் முகஞ்சுளித்தார்கள் என்று ஒரு செய்தி உண்டு. கண்ணாடிபோன்ற சவ்வின் அசைவு கண்ணுக்குப் புலப்பட வேண்டுமென்பதற்காக வெள்ளித் துகள்களைத் தூவி, விட்டுவிட்டு மின்னும் விளக்கொளியில், அதிவேகமாக ஆடுவது மெதுவாக ஆடுவதுபோல் தோன்றும்படி அமைத்து, நுண்ணோக்கியின் வழியே நோக்கினார். அங்கே தந்திகள் தனித்தனியே துடிக்கவில்லை. தகடுபோல் முழுவதும் ஒன்றாகவும் ஆடவில்லை. அங்கவடி தள்ளிய ஜன்னலண்டையிலிருந்து ஓர் அலை புறப்பட்டு, 35 மில்லிமீட்டர் நீளமுள்ள சவ்வின்மீது வளர்ந்துகொண்டே ஓடி, ஓரிடத்தில் உச்சத்தை அடைந்து, அதற்கப்பால் சடுதியில் அடங்கிவிட்டது. கீச்சென்ற ஒலியின் உச்சம் வாசலுக்கு அருகில், சவ்வு குறுகி விறைத்திருக்கிற இடத்தில். கனத்த ஒலியின் உச்சம் சுருளின் கோடியில், சவ்வு அகன்று தளர்ந்திருக்கிற இடத்தில். 1928ல் இந்த முடிவுகள் வெளிவரத் தொடங்கின. முதுமையிலும் பேரிரைச்சலிலும் முதலில் தேய்வது வாசற்பக்கத்து மயிரணுக்கள். அதனால்தான் தாத்தாவுக்கு அணிலின் கீச்சொலியும் பேத்தியின் மெல்லிய குரலும் எட்டாமற்போன பிறகும், தெருக்கோடித் தவில் நன்றாகக் கேட்கிறது.

கண்டதைக் கையால் உணரவும் அவர் வழி செய்தார். நீர் நிரம்பிய குழாயொன்றில் 30 சென்டிமீட்டர் நீளத்துக்குப் பெரிய செவிச்சவ்வு ஒன்றை அமைத்து, அதன்மேல் முன்கையை வைத்துக்கொள்ளச் சொல்வார். கண்ணுக்கு, அலை முழங்கையிலிருந்து மணிக்கட்டு வரைக்கும் ஓடுவது தெரியும். தோலுக்கோ இரண்டு மூன்று சென்டிமீட்டர் இடத்தில் மாத்திரமே துடிப்புத் தெரியும். ஸ்வரத்தை மாற்றினால் அந்தத் துடிப்பு கையின்மேல் நகரும். பரவலான அசைவிலிருந்து ஒரு புள்ளியைக் கூர்மையாகப் பொறுக்கியெடுப்பது நரம்பின் சாமர்த்தியம் என்று அவர் முடிவு கட்டியதற்கு இந்தக் கைச்சோதனை ஒரு காரணம். யுத்தம் சிதைத்த புடாபெஸ்ட்டை விட்டு 1946ல் ஸ்வீடனுக்கும், அடுத்த வருஷம் ஹார்வர்டுக்கும் போனார். 1961ல் வைத்தியத்துக்கான நோபல் பரிசு, வைத்தியரல்லாத இந்தத் தபால் இலாகாப் பௌதிகருக்குக் கிடைத்தது.

அவர் பார்த்தவை பெரும்பாலும் இறந்தவர்களின் செவிகள் என்பதை மறந்துவிடலாகாது. அவற்றை அசைய வைக்கக் காதைப் பிளக்கும் ஓசை வேண்டியிருந்தது. தாமஸ் கோல்டு என்ற இளைஞர், யுத்த காலத்தில் ராடார் வேலை பழகியவர், 1948ல் கேம்பிரிட்ஜிலிருந்து ஒரு ஆட்சேபம் எழுப்பினார்: பிசுபிசுக்கும் நீருக்குள் கிடக்கும் ஒரு சவ்வு இவ்வளவு கூர்மையாக ஸ்வரங்களைப் பிரிக்க வேண்டுமானால், உள்ளிருந்து யாரோ சக்தி கொடுத்துத் தள்ள வேண்டும், அவ்வாறு தள்ளுவது உண்மையாயின், சில சமயம் காதே ஒலி எழுப்பவும் கூடும். ஒலிவாங்கியை வைத்துத் தேடினார். அந்தக் காலத்துக் கருவிக்கு எதுவும் எட்டவில்லை. செவிநூலார் அவரைச் சட்டை செய்யவில்லை. அவர் வான சாஸ்திரத்துக்குப் போய்விட்டார். முப்பது வருஷம் கழித்து, 1978ல், லண்டனில் டேவிட் கெம்ப் ஒரு சிறு ஒலிவாங்கியை உயிருள்ள காதுக்குள் பொருத்தி ‘டிக்’கென்று ஓர் ஒலியை அனுப்பி, சில ஆயிரத்திலொரு விநாடிகள் தாமதித்து, காது தன் பங்குக்குத் திருப்பி அனுப்பிய எதிரொலியைப் பிடித்தார். வெளிவரிசை மயிரணுக்கள் மின்சாரத்துக்குத் தக்கவாறு நீண்டும் சுருங்கியும் அலைக்குத் தள்ளு கொடுக்கின்றன என்பது 1980களில் நிரூபணமாயிற்று. ஜோனாதன் ஆஷ்மோர் என்பவர் அப்படிப்பட்ட ஓர் அணுவுக்கு ஒரு ராக் பாட்டை மின்னலைகளாக ஊட்ட, நுண்ணோக்கியின் கீழ் அது தாளந்தப்பாமல் குதித்தாடியதைப் படம் பிடித்திருக்கிறார்கள்.

அந்த எதிரொலி இன்று பிரசவ ஆஸ்பத்திரிகளில் அன்றாட வேலைக்கு வந்துவிட்டது. பால் குடித்துவிட்டுக் குழந்தை அயர்கிற வரைக்கும் காத்திருந்து, மின்விசிறியைக்கூட நிறுத்திவிட்டு, மிளகளவு மெத்தென்ற முனையொன்றை அதன் காதில் செருகுகிறார்கள். பிறந்து இரண்டு நாள். பெயர் இன்னும் வைக்கவில்லை. கூப்பிட்டால் திரும்பத் தெரியாது. கைக்கடக்கமான ஒரு பெட்டி சில நொடிகள் ‘டிக் டிக்’கென்று கேட்கிறது. தூக்கம் கலையாமலே காது பதில் சொல்லிவிடுகிறது; நர்ஸம்மா முனையைத் துடைத்துக்கொண்டு அடுத்த காதுக்குப் போகிறாள்.